இரண்டாவது கடிக்கு அலைந்த அணில்

ஒரு காட்டில் பசிக்குத் தேன் இருந்தது, தேனுக்குக் கதவு இருந்தது, கதவுக்கு அணில் இருந்தது. தேன் ஓடையாகவே வரும். ஆனால் ஒவ்வொரு வளையின் வாசலிலும் ஒரு தாழ்ப்பாள் உண்டு. அதைத் திறந்து தேனை உள்ளே விடும் வித்தை அணில்களுக்கு மட்டும்தான் கைவந்தது. அதனால் அவற்றுக்கு ஒருநாளும் விடுப்பு கிடையாது.

காவலுக்குச் செந்நாய்கள் இருந்தன. காவலில் சேரும் குட்டிகளை ஆண்டுக்கொரு காலையில் மைதானத்தில் உட்காரவைப்பார்கள். காட்டுவாசிகள் எல்லாரும் வரிசையாக முன்னால் நடந்துபோக வேண்டும். நம் ஆளைப் பார்த்து உறுமும் குட்டிக்கு வேலை இல்லை. நல்ல ஏற்பாடுதான். என்ன, அந்த நேரத்தில் அணில்கள் கதவு திறந்துகொண்டிருக்கும். 'அணில்கள் வந்துபோயின' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அதிகாரிகள் சாப்பிடப் போய்விடுவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் முதுகில் கோடு போட்ட பெருச்சாளி ஒன்று காட்டுக்குள் புகுந்தது. செந்நாய்கள் மூன்றே நாளில் அதைக் கிழித்துப் போட்டன. பெருச்சாளி ஒழிந்தது, 'முதுகில் கோடு இருந்தால் கடி' என்ற உத்தரவு மட்டும் ஒழியவில்லை. அணிலுக்கும் முதுகில் கோடு உண்டு என்பதை யாரும் நாய்களுக்குச் சொல்லிவைக்கவில்லை.

நூறு அணில்கள் அறுபதாயின. பல வாசல்களில் தேன் தேங்கி நிற்க, உள்ளே குட்டிகள் வயிறு ஒட்டிக் கிடந்தன. தேங்கிய தேன் குடிதண்ணீரில் கலந்ததில் முயல்களுக்கு அடங்காத தாகம். குடிப்பதும் ஒதுங்குவதுமாகவே அவற்றின் பொழுது போயிற்று. "இனிப்பை அளவா சாப்பிட்டிருக்கணும்" என்று கரடி எல்லாருக்கும் புத்தி சொன்னது, வாயில் வழிந்த தேனைத் துடைத்துக்கொண்டே.

அணில்களின் தலைவி சிங்காரி, வாலில் பட்ட கடியோடு கீரி டாக்டரிடம் போனது.

"நாய்க்குக் கெட்ட புத்தி இல்லம்மா, அதுக்கு உங்களத் தெரியாது, அவ்வளவுதான்" என்றது கீரி. "அது நிம்மதியா சாப்பிடுற நேரத்துல உங்க வாசனைய கொஞ்சம் கொஞ்சமா காட்டினா, நம்ம ஆளுன்னு பழகிடும். இதுக்கு 'வருமுன் காக்கும் திட்டம்'னு பேரு. ஆனா அலுவலகத்துல அனுமதி வாங்கணும்."

அலுவலகத்தில் முள்ளம்பன்றி எழுத்தர். அதற்குப் பேனாவுக்குப் பஞ்சமே இல்லை.

"உடம்புல ஒரு தழும்புதான் இருக்கு. விதிப்படி ரெண்டு வேணும்" என்றது.

"ரெண்டாவது கடி வரைக்கும் நான் உயிரோட இருக்கணுமே, ஐயா."

"அது விண்ணப்பதாரரோட பொறுப்பு."

வேறு வழியில்லாமல் சிங்காரி செந்நாய்த் தலைவன் செங்கண்ணனைத் தேடிப் போனது. வாய் நிறைய இரை இருக்கும்போது போனால் கடி லேசாகப் படும் என்று ஒரு கணக்கு.

"தலைவரே, சின்னதா ஒரு கடி வேணும். படிவத்துக்கு."

"சாப்பிடுறப்ப தொந்தரவு பண்ணாதே. நாளைக்கு வா."

மறுநாளும் போனது. அதற்கடுத்த நாளும். பத்தாம் நாள் அந்தக் கூட்டத்து நாய்கள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. இருபதாம் நாள் "சாப்பிட்டியா?" என்று செங்கண்ணனே கேட்டது. பக்கத்துக் கூட்டத்து நாய் ஒன்று பல்லைக் காட்டியபோது, "விடுடா, நம்ம அணில்" என்று அதட்டியது. நாய்களுக்கு அணில் வாசனை பழகிவிட்டதால், அதற்குப்பின் அறுபதில் ஒன்றுகூடக் குறையவில்லை.

கீரிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அது சொன்ன மருந்து இதேதான். அனுமதி இல்லாமலே வேலை செய்திருந்தது. சிங்காரியை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடியது.

முள்ளம்பன்றி ஏட்டைப் புரட்டியது. "இந்த மாசம் கடி ஒண்ணும் இல்லை. அப்ப நோயே இல்லை. இல்லாத நோய்க்குத் தடுப்பு எதுக்கு?"

"தடுத்ததாலதான் இல்லை" என்றது கீரி.

"ஆதாரம்?"

"அறுபது அணிலும் உயிரோட இருக்கே."

"உயிரோட இருக்கிறது இயல்பு. அதை எப்படி ஆதாரமா எடுத்துக்கிறது?"

சாப்பாட்டு நேரத்தில் அணில்கள் காவலர்களை அண்டக் கூடாது என்று அன்றைக்கே ஆணை வந்தது. ஒரு மாதமாக யாரையும் கடிக்காத செங்கண்ணன் கூட்டத்துக்கு ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். மைதானத்தில் புதிய குட்டிகள் உட்கார்ந்தன. யானை நடந்தது, மான் நடந்தது, முயல் நடந்தது. அணில்கள் வந்துபோயின என்று எழுதப்பட்டது.

புதிய காவலர்கள் சுறுசுறுப்பானவர்கள். முதல் வாரத்திலேயே சிங்காரியின் தோளில் இரண்டாவது கடி விழுந்தது.

கோப்பு பறந்தது. சில மாதம் கழித்து மனுதாரர் நேரில் வரவும் என்று ஓலை வந்தபோது, சிங்காரி மூன்று காலில் நொண்டிக்கொண்டு போய் நின்றது. முள்ளம்பன்றி தழும்புகளை எண்ணிப் பார்த்தது.

"ஒண்ணு, ரெண்டு. எல்லாம் சரியா இருக்கு. இப்ப மொத்தம் எத்தனை அணில்?"

"நாலு."

முள்ளம்பன்றி பேனாவைக் கீழே வைத்தது. அதற்கும் உள்ளபடியே வருத்தமாகத்தான் இருந்தது.

"அப்ப நோய் வந்தாச்சேம்மா. இது வருமுன் காக்கிற திட்டம்."

சிங்காரிக்கு அழுகை வந்தது. உட்கார்ந்து அழ நேரமில்லை. நூறு கதவுக்கு நாலே அணில்கள், வெளியே குட்டி முயல்களின் அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நொண்டிக்கொண்டே முதல் கதவை நோக்கி நடந்தது.

நீதி: வருமுன் காக்க விரும்புவோர், வந்ததற்கான சான்றிதழை இணைக்கவும். வந்துவிட்டவர்கள் விண்ணப்பிக்கத் தகுதியற்றவர்கள்.