எட்டடிக் கரடி

ஒரு கரடியைப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். வலையால் அல்ல, செல்போனால்.

காரணம் என் வாய். நாற்பது வருஷமாக சலூன் வைத்திருக்கிறேன். கத்திரி ஓடினால் வாயும் ஓட வேண்டும். ஒன்று நின்றால் மற்றதும் நின்றுவிடும். என்னிடம் இருப்பதிலேயே நல்ல சரக்கு, வாலிபத்தில் காட்டுக்குள் ஒரு கரடியை முகத்துக்கு முகம் பார்த்த கதை. உண்மையிலேயே பார்த்தாயா என்று கேட்காதீர்கள். சொல்லிச் சொல்லி எனக்கே மறந்துவிட்டது.

அன்று நாற்காலியில் இருந்தவர் மீட்டர். வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர், அதனால் அந்தப் பெயர். எந்த எண்ணையும் மறக்கமாட்டார். முகமெல்லாம் நுரையோடு கேட்டார்:

"போன வருஷம் ஆறடின்னு சொன்னே. இப்ப எட்டடிங்கறே. கரடி இன்னும் வளருதாய்யா?"

பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா? அப்போது எடுத்த போட்டோ வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா, இல்லையென்றால் ஒரு மாசம் வாயைத் திறக்காமல் முடி வெட்டு என்றார் மீட்டர். பெஞ்சு மொத்தமும் ஆமாம் போட்டது.

ஒரு மாசம் மூச்சு விடாதே என்றிருந்தால்கூட முயற்சி செய்திருப்பேன்.

ஆனால் நான் அசரவில்லை. யாரோ கடையில் விட்டுப்போன விளம்பரத் தாள் ஒன்று இருந்தது. ஒரு மணி நேர பஸ் தூரத்தில் விலங்குக் கல்வி மையம். அடிபட்டும் அநாதையாகவும் கிடைத்த கரடி, ஓநாய்களை வளர்த்து, பார்க்க வருகிறவர்களுக்குப் பாடம் சொல்லும் இடம். போட்டோ எடுக்கலாம் என்று போட்டிருந்தது. எடுத்து, கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் போட்டு, ஓரத்தைக் கொஞ்சம் கசக்கினால் முப்பது வருஷத்துப் பழைய படம். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

மனைவிக்கு மட்டும் தெரியக்கூடாது. நான் எதற்கு வாயைத் திறந்தாலும் 'கரடி விடாதீங்க' என்பவள் அவள். நிஜக் கரடியைத் தேடிப் போகிறேன் என்றால் தெருவே சிரிக்கும்.

புதன்கிழமை கடைக்கு விடுமுறை. அவளும் புதன்தோறும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். அக்காவுக்கு முழங்கால் வலி, இரண்டு வருஷமாக. நல்ல நாள்தான். கத்திரிகளைச் சாணை பிடிக்கப் போகிறேன் என்றேன்.

"போன மாசம்தானே பிடிச்சீங்க?"

"மழுங்கிடுச்சு."

"கத்திரியா?"

கத்திரியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வார் அறுந்து நான் முடிச்சுப் போட்டுக் கொடுத்த கைப்பையை மாட்டிக்கொண்டே, தொப்பியை நீட்டினாள். போட்டுக்கொள்ளுங்கள், அங்கே நிழல் இருக்காது என்றாள். சாணைக் கடைக்குள் வெயில் எப்படி வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

மையத்தில் ஒரு பெண் எல்லாரையும் அழைத்துப்போய் விளக்கினாள். ஓநாய்கள் கூச்ச சுபாவமாம். மரத்துக்குப் பின்னால் இரண்டு காதுதான் தெரிந்தது. ஆனால் வாராவாரம் ஓர் அம்மா வருவாராம், அவர் குரல் கேட்டால் மட்டும் வெளியே வந்து நிற்குமாம். வீட்டில் வேலை இல்லாத யாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

கரடிக்குத் தடிமனான கண்ணாடிச் சுவர். எனக்கு வசதி, படத்தில் கம்பி விழாது. ஆனால் கரடி முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. பிறந்ததிலிருந்து வெட்டாத முடி. எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரு மணி நேரம் நின்றேன். பிறகு, பொய்க்குத் துணையாகக் கொண்டு வந்த கத்திரி ஞாபகம் வந்தது. எடுத்துக் காற்றில் 'சக் சக்'கென்று இரண்டு வெட்டு வெட்டினேன்.

கரடி திரும்பியது. எழுந்தது. நேராக வந்து கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து நின்றது. அதன் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கித் தெளிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எட்டடி. என் கதையே எழுந்து வந்து என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. வாய் திறந்தபடி நின்று செல்போனில் ஒரே அமுக்கு.

விளக்கம் சொல்லும் பெண் வந்து கத்திரியை உள்ளே வைக்கச் சொன்னாள். வைத்துவிட்டு ராஜா மாதிரி பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை படத்தைக் கொடுத்தேன். பெஞ்சு மொத்தமும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தது. மீட்டர் மட்டும் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். கரடியின் வயிற்றிலேயே அதை வெகுநேரம் வைத்துப் பார்த்தார்.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடியே உனக்கு வழுக்கையாய்யா?"

வாங்கிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு இருந்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடி. இது எனக்குத் தெரியாதா? நாற்பது வருஷமாக முதுகுக்குப் பின்னால் யார் நுழைந்தாலும் திரும்பாமலே வாங்க என்பவன் நான். அன்று கரடியை மட்டும் பார்த்துவிட்டேன். கரடியின் வயிற்றில் பளபளவென்று என் மண்டை. தொப்பி போட்டிருக்கலாம்.

அதற்குப் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி, தூணோரம், ஒரு பெண். அவளும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். தோளில் கைப்பை. வாரில் முடிச்சு. நான் போட்ட முடிச்சு.

வீட்டுக்குப் போனதும் படத்தை அவள் முன்னால் வைத்தேன். குரலை நன்றாகவே உயர்த்தினேன்.

"நீ அக்கா வீட்டுக்குத்தானே போனே?"

"நீங்க சாணை பிடிக்கத்தானே போனீங்க?"

குரல் தானாக இறங்கியது. சட்டையைத் துவைக்கும்போதே பையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டாளாம். அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு வருஷமாக நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வைத்தாள். மையத்தின் வருஷ அனுமதி அட்டை. அதில் அவள் படம்.

"ஓநாயைக் கூப்பிடுற அம்மா..."

"அதுங்க நான் பேசினா கேக்கும்."

பந்தயம் பந்தயம்தான். திங்கட்கிழமை வாயை மூடிக்கொண்டு கடைக்குப் போனேன். எனக்கு முன்பே வந்து கடையைத் திறந்து, பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் அவள் எடுத்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கரடி, இந்தப் பக்கம் நான், இரண்டு பேருக்கும் வாய் திறந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் இது என்ன என்று கேட்கிறார்கள். நான்தான் பேசக் கூடாதே, கத்திரியால் கீழே காட்டுகிறேன். அவள் கையெழுத்தில் இரண்டே வரி:

'இடது பக்கம்: கரடி. வலது பக்கம்: அதை விட்டவர்.'