கப்பல் மேல்தட்டில் பெரட்டு

பெயர் கூப்பிடாமல் சூரியன்கூட உதிக்கக் கூடாது என்று நினைத்தவர் எங்கள் பெரட்டு ஐயா. சும்மா சொல்லவில்லை. ஹட்டனில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிடப் போனவர்களை வாசலிலேயே வரிசையாக நிறுத்தி, "நீ மொதப் பந்தி, நீ ரெண்டாம் பந்தி, நீ போயி அப்பளம் எடுத்துக் குடு" என்று பிரித்து அனுப்பியவர். அப்பளம் கொடுக்கப் போனவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. அவரும் வாயைத் திறக்காமல் போய்க் கொடுத்தார், அதுதான் வேடிக்கை.

தேயிலைத் தோட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். விடிந்தும் விடியாமலும் ஆட்களைக் குளிரில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன மலை, இன்ன வேலை என்று பிரிப்பதற்குப் பெரட்டு என்று பேர். அங்கே யாரும் எதிர்த்துப் பேச முடியாது. நேரத்துக்கு வந்து முழு வேலை செய்தால் முழுப்பேர் விழும். பாதியில் கழன்றால் அரைப்பேர், பாதிச் சம்பளம். ஐயா வாழ்நாள் முழுக்கத் தோட்டத்தில் கண்டாக்காக, அதாவது வேலை மேற்பார்வையாளராக இருந்து, அந்தப் பெரட்டை நடத்தியவர். ஓய்வு பெற்று ஹட்டன் டவுனுக்கு வந்தபிறகு பெரட்டு வைக்க ஆள் இல்லாமல் தவித்தார். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தேன் நான். என் தலையெழுத்தை வேறு எப்படிச் சொல்வது?

நான் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர், நானும் ஓய்வு பெற்றவள்தான். ஊரையே மிரட்டிய என்னை இந்த மனிதர் ஒவ்வொரு காலையும் வேலி ஓரத்தில் நின்று, "டீச்சர், இன்னைக்கு உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்பார். "உங்க வாய மூடுற வேலை" என்று நாக்கு நுனிவரை வரும். அன்னம் அக்காவின் முகத்துக்காக விழுங்கிவிடுவேன். அன்னம் அக்கா அவருடைய மனைவி. பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை.

இவர்களுடைய மகன் உல்லாசக் கப்பல் ஒன்றில் சமையல்காரன். கொழும்பில் ஏறி மாலைதீவுத் தீவுகளைச் சுற்றி வருகிற பயணத்துக்கு, அம்மா அப்பாவுக்கும் கூட வருபவர்களுக்கும் சலுகையில் இடம் வாங்கிக் கொடுத்தான். அக்கா என்னை இழுத்தாள். ஐயா, பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் ரஹீம் நானாவை இழுத்தார். ஆக நாலு பேர்.

எந்தத் தீவில் இறங்கி என்ன பார்ப்பது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம். மகன் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். அடியில் கண்ணாடி வைத்த படகு, மீனவர் பஜார், பழைய பள்ளிவாசல், மியூசியம், அப்புறம் வாயில் குழாய் வைத்து மிதந்தபடி மீன் பார்க்கும் ஸ்நோர்க்லிங். கூடவே ஒரு வீடியோ. நீலத் தண்ணீருக்குள் மஞ்சளும் ஊதாவுமாய் மீன்கள். அக்கா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"டீச்சர், எனக்கு வேற ஒன்னும் வேணாம். இதுல மூஞ்சிய உள்ள வச்சு ஒரு தடவை பாக்கணும். அவ்வளவுதான்" என்றாள். போன வருஷம் அவளுக்கு நெஞ்சில் பெரிய ஆபரேஷன் நடந்தது. இனி ஓடலாம், ஆடலாம், நீந்தலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் ஆசை இது.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு முற்றத்தில் பெரட்டு. காக்கி அரைக்காற்சட்டை, முழங்கால்வரை சாக்ஸ், தொப்பி, கையில் பிரம்பு. நாங்கள் மூன்று பேர் பனியில் நடுங்கிக்கொண்டு நின்றோம்.

"டீச்சருக்கு மியூசியம். படிச்ச ஆளு."

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! மாலைதீவுக்குப் போயும் மியூசியமா?

"நானாவுக்குப் பஜாரு."

"அல்லாவே! ஹட்டன் பஜாருலதானே ஐயா ஆயுசு முழுக்கக் குந்திக்கிட்டிருக்கேன். கடல் தாண்டிப் போயும் பஜாரா?"

"பெரட்டுல பேசக் கூடாது நானா. அன்னத்துக்குக் கண்ணாடிப் படகு. லேசு வேலை."

"அப்ப அந்தக் குழா வச்சு மீன் பாக்குறது?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அதுக்கு ஆள் தேவையில்ல. சரி, கெளம்பு!"

"நல்லதண்ணியில சிவனொளிபாத மலை ஏறுறப்ப அந்த ஐஸ் ஆத்துல முங்கி எந்திரிச்சவ நானு" என்று அக்கா அடுப்படியில் என்னிடம் முணுமுணுத்தாள். அவரிடம் சொல்லவில்லை. நான் போய் ஒரு பிடி பிடித்தேன். முழங்கால் வலி என்றார், சளி பிடிக்கும் என்றார், மீன் கடிக்கும் என்றார். கடைசியில், "டீச்சர், ஒங்களுக்கு மியூசியம் வேணாம்னா கப்பல்லயே இருங்க" என்றார். பிடிவாதத்துக்குக் கைகால் முளைத்த மனிதர்!

கப்பலில் ஏறினோம். மறுநாள் விடிவதற்குள் கதவை உடைப்பதுபோல் தட்டு. "பெரட்டு! பெரட்டு!" மேல்தட்டு நீச்சல் குளத்தோரம் நாங்கள் தூக்கக் கலக்கத்தில் வரிசையாக நின்றோம். அந்தப் பக்கமாகப் போன வெள்ளைக்காரர்கள் சிலர் இதை ஏதோ உடற்பயிற்சி வகுப்பு என்று நினைத்துப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். ஐயா அசரவில்லை. வரிசையில் நின்றால் அவருக்கு ஆள்தான். பூப்போட்ட சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பாட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த அம்மாவுக்கும் லேசு வேலை, கண்ணாடிப் படகு" என்று பிரம்பைக் காட்டினார். பாட்டி கட்டைவிரலை உயர்த்தினாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், அடுத்த நாளும் வந்து முதல் ஆளாக நின்றாள்.

முதல் தீவில் நானா பஜாரில் விலை பேசிப் பேசி, கடைசிப் படகுக்குத்தான் வந்து சேர்ந்தார்.

"நானா, அரைப்பேருதான்."

"காசு கட்டி ஊர் பாக்க வந்தவனுக்கும் அரைப்பேரா!" என்று நானா தலையில் கை வைத்தார்.

இரண்டாவது தீவுதான் அந்த மீன்கள் இருக்கும் தீவு. மியூசியத்துக்கு நான் முழுக்குப் போட்டுவிட்டேன், என்னதான் செய்துவிடுவார் பார்ப்போம் என்று. கரையில் இரண்டு வரிசைகள். கண்ணாடிப் படகுக்கு ஒன்று, ஸ்நோர்க்லிங்குக்கு ஒன்று. அன்னம் அக்கா கண்ணாடிப் படகு வரிசையிலிருந்து விலகி, இந்தப் பக்கம் வந்து நின்றாள். புடவைக்கு அடியில் மகனுடைய டீசர்ட்டும் நீளக் காற்சட்டையும் போட்டிருந்தாள். ஹட்டனில் பெட்டி கட்டும்போதே முடிவு பண்ணிவிட்டாள், பாருங்கள்!

"அன்னம், ஒனக்கு அங்க பேரு போட்டாச்சு."

"மாத்திப் போடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ஐயாவின் பிரம்பு கீழே இறங்கிவிட்டது. பெரட்டில் அவரை யாரும் அப்படி எதிர்த்ததே இல்லை. வழிகாட்டிப் பையன் அக்காவுக்கு மிதவைச் சட்டையும் கண்ணாடியும் மாட்டிவிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். ஐயா மணலில் தொப்பென்று உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய், "ஏன் ஐயா இப்படி? அவ ஆசைப்பட்டது இது ஒன்னுதானே?" என்று சண்டைக்குத்தான் ஆரம்பித்தேன்.

அவர் கடலையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆபரேஷன் அன்னைக்கு நர்சம்மா வெளிய வந்து இவ பேரைக் கூப்பிட்டாங்க டீச்சர். இவளோட ஆளு யாருன்னு கேட்டாங்க. நான் முன்னாலதான் நின்னேன். நல்ல சேதியா கெட்ட சேதியான்னு தெரியல. ஆயிரம் பேரைக் கூப்பிட்டவன், எனக்குப் பதில் சொல்ல வாய் வரல. இன்னொரு தடவை அப்புடி நிக்க என்னால முடியாது."

சண்டையை விட்டுவிட்டு நானும் மணலில் உட்கார்ந்தேன்.

அதற்குள் அங்கே அக்கா முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்து, கைகால் விரித்து, அசையாமல் மிதந்தாள். ஸ்நோர்க்லிங் என்றால் அப்படித்தான் கிடக்க வேண்டும். இது ஐயாவுக்கு எங்கே தெரியும்?

"அன்னம்! ஏய் அன்னம்!"

காது தண்ணீருக்குள் இருக்கிறது, எப்படிக் கேட்கும்? ஐயா எழுந்தார். தொப்பியோடு, சாக்ஸோடு, சப்பாத்தோடு கடலுக்குள் இறங்கிவிட்டார். தொப்பி ஒரு பக்கம் மிதந்து போனது. நானா கரையில் நின்று, "ஐயோ, கண்டாக்கையா கடல்ல போறாரே! புடிங்க!" என்று கத்தினார். இன்னொரு பையன் மிதவைச் சட்டையோடு பின்னால் ஓடினான். இடுப்பளவு தண்ணீரில் அவரைப் பிடித்துச் சட்டையை மாட்டி, குழாயை வாயில் திணித்து, அக்காவின் பக்கத்தில் கொண்டுபோய்விட்டான். அக்கா தலை நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு தலைகளும் சேர்ந்து தண்ணீருக்குள் கவிழ்ந்தன.

ரொம்ப நேரம் கழித்துத்தான் கரைக்கு வந்தார்கள். ஐயாவின் சாக்ஸ் கணுக்காலில் சுருண்டு தொங்கியது. மூக்கில் கண்ணாடி பதிந்த தடம்.

"என்ன ஐயா, மீனெல்லாம் பாத்தீங்களா? மஞ்சள் மீனு இருந்துச்சா?" என்று கேட்டேன்.

ஐயா திருதிருவென்று விழித்தார். அக்காதான் சொன்னாள், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே:

"இவரு எங்க டீச்சர் மீனப் பாத்தாரு? நான் திரும்புறப்பல்லாம் கண்ணாடிக்குள்ள முழிச்சிக்கிட்டு என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு."

"பின்ன? வேலைக்கு வந்த ஆளப் பாக்காம மீனையா பாக்கறது?" என்றார் ஐயா.

இந்த மனிதர் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் சரி, எனக்கு எத்தனை மியூசியம் எழுதினாலும் சரி, திட்டிக்கொண்டேயாவது அவர் பெரட்டில் போய் நிற்பேன்.