ஆர்கனா, கிட்டாரா? எங்க தெரு சொன்ன தீர்ப்பு

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு கேசட்டைக் கேட்டு, எது உசத்தின்னு முடிவு பண்றது.

என்னோடது மெட்டல் ஆல்பம். கிட்டார் அலறும். காலேஜ் நண்பன் ஆல்பர்ட்டோடது சர்ச் ஆர்கன் இசை. தோத்தவன் கேசட்டை அழிச்சு, அதுலயே ஜெயிச்சதைக் காப்பி பண்ணணும். இதுதான் பந்தயம்.

வீட்டு டேப் ரெக்கார்டர்ல போட்டோம். முடிவு வரலை.

"என் கிட்டாருக்கு பவர் வேணும்டா"ன்னேன். மேதாவி!

எதிர்வீட்டு மைக்செட் மணி அண்ணன்கிட்ட குழாய் ஸ்பீக்கர் சும்மா கிடந்தது.

"இன்னா தம்பி, பாட்டுதானே? எடுத்துனு போ. சவுண்டு மட்டும் பாத்து வை."

எங்க வீட்டு கேட் மேல கட்டினோம்.

முதல்ல கிட்டார். பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தாங்க.

"மிக்ஸி கதறுதேப்பா, ஆஃப் பண்ணக் கூடாதா?"

வேற ஒருத்தரும் வரலை.

அடுத்து ஆர்கன். மெதுவா, கனமா, கிழக்குத் தாம்பரத்தையே நிறைச்சுது.

கோடி வீட்டு சார் செருப்பை வெளியே விட்டுட்டு வந்து என் கையைப் பிடிச்சார்.

"தைரியமா இருப்பா. எப்போ ஆச்சு?"

"இப்பதான் சார் போட்டோம்."

"நேத்துகூட உங்க அப்பா என்கிட்ட நல்லாத்தானே பேசினார்!"

அப்பதான் எனக்கு உறைச்சுது, ஆர்கனைக் கேட்டு எங்க வீட்ல சாவுன்னு நினைச்சுட்டாங்க. சொல்ல வாயெடுத்தா, கேட்க ஆளில்லை. அதுக்குள்ள யாரோ நாற்காலி போட ஆரம்பிச்சாச்சு. ரயில்வே மாமா ரோஜா மாலையோட வந்துட்டார்.

"நிறுத்துடா!"ன்னேன் ஆல்பர்ட்கிட்ட.

"கூட்டத்தைப் பாரு மச்சான். இப்பப் போய் நிறுத்துவாங்களா?"

அப்போ அப்பா கத்தரிக்காய்ப் பையோட சைக்கிள்ல வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்து முகம் வெளுத்துடுச்சு.

"ஐயோ... யாருடா?"

எல்லாரும் அவரையே பார்த்தாங்க. அவர் இல்லைன்னதும் அம்மாவைத் தேடினாங்க. அம்மா கரண்டியோட வெளியே வந்தாங்க. கோடி வீட்டு சார் முகத்துல லேசா ஏமாற்றம்கூடத் தெரிஞ்சுது!

"அப்போ இந்த மாலை?"ன்னார் ரயில்வே மாமா.

யாரும் கழுத்தை நீட்டலை. ஸ்பீக்கருக்கே போட்டுட்டுப் போயிட்டார்.

அப்பா ஒயரைப் பிடுங்கினார். அடுத்து என் காதை.

ஆல்பர்ட் மட்டும் கணக்குல குறியா இருந்தான். "உனக்கு ஒரே ஒரு மாமி. எனக்குத் தெருவே வந்துச்சு. மாலை வேற! ஒத்துக்கோடா."

ஒத்துக்கிட்டேன்.

எத்தனையோ நாடு சுத்திட்டு இதே தெருவுக்குத் திரும்பி வந்துட்டேன். அந்தக் கேசட் இன்னும் இருக்கு. அட்டையில கிட்டார், உள்ளே ஆர்கன்.

யோசிச்சா, துக்கம் விசாரிக்க வந்தவங்க மேல தப்பில்லை. அன்னிக்கு எங்க வீட்ல போனது என் கிட்டார் கேசட். என்ன, கொஞ்சம் முன்னாடியே வந்துட்டாங்க.