சுவரிலே ஒரு 'உ'

ஒரு காட்டில் கல்லூரி இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள். இருந்தது. அங்கே படிப்பு இருந்ததா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அலுவலகச் சுவரில் யாரோ கரியால் பெரிதாக ஒரு 'உ' போட்டுவிட்டார்கள். கீழே இரண்டு கோடு. அவ்வளவுதான்.

முதல்வர் யானைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விசாரணைக் குழு போட்டார். குழு மூன்று நாள் வடை தின்று யோசித்தது.

தமிழ்த்துறைத் தலைவர் முனைவர் ஆந்தை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, பழைய தமிழ்க் கணக்கில் 'உ' என்றால் இரண்டு. இரண்டு பேரைத் தீர்த்துக்கட்டத் திட்டம்" என்றது.

"யார் அந்த இரண்டு பேர்?"

"ஒருவர் தாங்கள்."

துணை முதல்வர் நரி சும்மா இருக்குமா? "அதெல்லாம் இல்லை. 'உ' என்றால் உதை. இரண்டு கோடும் பின்னங்கால். உதைக்கிற பயல்தான் எழுதியிருக்கிறான்" என்றது.

உடனே இரண்டாமாண்டு கழுதை மாசிலாமணியை இழுத்து வந்தார்கள். குளம்பெல்லாம் கரி. மறுநாள் பரீட்சை. அவன் ஹால் டிக்கெட் நரியின் கையில் இருந்தது.

"சார், எழுதினது நான்தான் சார். ஹாஸ்டல் குழாயில் பத்து நாளாத் தண்ணி வரலை. மனு கொடுத்தேன், உரிய படிவத்தில் இல்லைன்னு திருப்பிட்டீங்க. அதான் சுவத்துல எழுத வந்தேன். எதை எழுதினாலும் முதல்ல பிள்ளையார் சுழி போட்டுத்தான் பழக்கம். சுழி போட்டேன், வாட்ச்மேன் விசில் ஊதிட்டார், ஓடிட்டேன். அது வெறும் பிள்ளையார் சுழி சார்!"

குழுவினர் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். மேஜைமேல் நாற்பத்தெட்டுப் பக்க அறிக்கை. பைண்டிங்கே முடிந்துவிட்டது, பாவம்.

"தம்பி, நீ பிஎச்.டி. முடித்திருக்கிறாயா?" என்று கேட்டது ஆந்தை.

"இல்லீங்க ஐயா. செகண்ட் இயர்."

"பிறகு அதன் பொருள் உனக்கு எப்படித் தெரியும்?"

"எழுதினவனே நான்தானே ஐயா!"

"எழுதுகிறவன் எழுதிவிட்டுப் போவான். பொருள் சொல்வது துறையின் வேலை."

யானை தலையாட்டியது. நரி ஹால் டிக்கெட்டை நாலாகக் கிழித்துப் போட்டது. ஒரு வருஷம் போச்சு. வெட்கங்கெட்டவர்கள், அதற்கும் கைதட்டினார்கள்.

மாசிலாமணி அழுதுகொண்டே, "தண்ணியாவது விடுங்க சார்" என்றான்.

யானை அறிக்கையைப் புரட்டிப் பார்த்தது. "இதில் தண்ணீர் என்று எங்கேயும் இல்லையே" என்றது.

நீதி: சுவரில் எழுதப் போகிறவன் சாமி கும்பிட்டுக்கொண்டு நிற்காமல் விஷயத்தை நேராக எழுதித் தொலைக்க வேண்டும், பாதியில் விட்டால் மிச்சத்தை முனைவர்கள் எழுதிவிடுவார்கள்.