ஒன்றும் கேட்காத கடை

"என்ன நாகமுத்து, பைக்குள்ளை சீனியோ?"

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ் சரவணைச் சந்தியில் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போன கையோடு, ஆழ்வாப்பிள்ளை தன் கடை வாசலில் நின்று கேட்டார். பஸ்ஸால் இறங்கிய நாகமுத்து பையை அவசரமாக மற்றக் கைக்கு மாற்றினாள். மாற்றிய வேகத்தில் உள்ளே ஒரு கடதாசிச் சரை கிழிந்து, வெள்ளைச் சீனி பையின் ஓட்டையால் மணலில் கொட்டியது.

"ஓம் அண்ணை. ரவுணுக்குப் போனனான். அப்பிடியே வாங்கினனான்."

"ஏன், என்னட்டைச் சீனி இல்லையோ?"

"இருக்கு அண்ணை."

"பிறகு?"

நாகமுத்து கடல் இருக்கும் திசையைப் பார்த்தாள். சரவணையில் பதில் சொல்ல விருப்பமில்லாதவர்கள் அந்தத் திசையைத்தான் பார்ப்பார்கள்.

"கஜுவும் கிடக்கு. பிளம்ஸும் கிடக்கு. பலகாரம் சுடவோ? ஆர் வருகினம் உம்மடை வீட்டை?"

"ஒருதரும் இல்லை அண்ணை. சும்மா."

நாகமுத்து தனிக்கட்டை. அவள் வீட்டில் இரண்டு ஆடுகள்தான் உண்டு, அவையும் கஜு தின்பதில்லை. அவள் விறுவிறென்று நடந்து, பதற்றத்தில் தன் ஒழுங்கையையும் தாண்டிப் போய்விட்டாள். எறும்புகள் சீனியை மொய்ப்பதைப் பார்த்தபடி ஆழ்வாப்பிள்ளை நெடுநேரம் நின்றார்.

வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கிய வருஷம் அது. யாழ்ப்பாணத்தில் பூரணம் ஸ்டோர்ஸ் என்று இரண்டு மாடியில் ஒரு பெரிய கடை திறந்திருந்தார்கள். கூடையைக் கையில் தந்துவிடுவார்களாம், வேண்டியதை நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளலாமாம். அன்றிலிருந்து சரவணைச் சனம் ஒரு கட்டிச் சவர்க்காரத்துக்கும் பஸ் ஏறி, தீவிலிருந்து பண்ணை வீதியால் கடலைத் தாண்டிப் போய்வரத் தொடங்கியது.

ஆழ்வாப்பிள்ளை கடையை மட்டும் நினைத்துக் கவலைப்படவில்லை. கடையும் வளவும் மகள் இராசேஸ்வரிக்கு என்று எப்போதோ சொல்லிவிட்டார். சனம் வராத கடையைச் சீதனமாக எவன் வாங்குவான்? அவளுக்கு வயதும் ஏறிக்கொண்டிருந்தது. நல்ல சம்பந்தங்கள் வந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்று, நழுவிப் போயிருந்தன. ஒவ்வொரு முறையும் பேச்சுத் தொடங்கிய அன்றே ஆழ்வாப்பிள்ளை கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்து, மாப்பிள்ளையின் ஊர், பேர், உத்தியோகம் எல்லாம் சொல்லுவார். சந்தோஷத்தை மூடி வைக்க அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் மாப்பிள்ளை வீட்டுக்கு எவனோ மொட்டைக் கடிதம் போட்டான். ஆழ்வாப்பிள்ளை சனி பகவானுக்கு எள்ளெண்ணெய் எரித்தார்.

மத்தியானங்களில் கடல்காற்று கடைக்குள் வந்து படுத்துவிடும். சாக்குகளுக்கு நடுவே சாய்ந்திருந்து அவர் கண்ணை மூடினால், மேளம் கேட்கும், பந்தல் தெரியும், மகள் மணவறையில் இருப்பாள். மாப்பிள்ளையின் முகம் தெரியப்போகிற நேரம் பார்த்து யாராவது மண்ணெண்ணெய் கேட்டு எழுப்புவார்கள். இப்போது எழுப்பவும் ஆளில்லை. ஆனாலும் அந்த முகம் தெரியவில்லை.

முதலில் விலையைக் குறைத்துப் பார்த்தார். "பழைய சரக்கோ அண்ணை?" என்று சந்தேகமாகக் கேட்டுவிட்டுச் சிவக்கொழுந்து போய்விட்டாள்.

பெரிய கடை வடிவாக இருக்குமாம் என்று கேள்விப்பட்டு, மகளின் அறையிலிருந்த நிலைக்கண்ணாடியைக் கொண்டுவந்து கடை வாசலில் வைத்தார். நாகமுத்துவின் கிடாய் அந்தப் பக்கம் வந்தது. உள்ளே இன்னொரு கிடாய் முறைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் அதற்குப் பொறுக்கவில்லை. கண்ணாடி உடைந்ததோடு நாலு போத்தல் நல்லெண்ணெயும் போய்விட்டது.

அன்றுதான் அவருக்கு ஞானம் பிறந்தது.

"இஞ்சரும் பார்வதி, ரவுண் கடைக்காரனுக்கு இவையளை ஆரெண்டு தெரியுமோ? எனக்கு இவையின்ரை குடும்பமெல்லாம் தெரியும். இனி வாற ஆக்களோடை இன்னும் நல்லாக் கதைக்கப்போறன். சுகதுக்கம் விசாரிக்கப்போறன்."

மனைவி பார்வதிப்பிள்ளை குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னுமோ?" என்றாள்.

மறுநாள் சிவக்கொழுந்து அவசரத்துக்கு ஓமம் வாங்க வந்தாள்.

"ஓமமோ? ஆருக்குச் சுகமில்லை? மருமேளுக்கோ? சத்தி எடுக்கிறாவோ? எத்தினை மாசம்?"

பக்கத்தில் மண்ணெண்ணெய்க்கு நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிவக்கொழுந்து ஓமம் வேண்டாமென்று போய்விட்டாள். பின்னேரம் கந்தையா முகத்தில் பாதி சவர்க்கார நுரையோடு ஓடிவந்தார்.

"அண்ணை, ஒரு பிளேட் தாங்கோ. சவரத்துக்கை முறிஞ்சுபோச்சு."

"நேற்றுத்தானே மழிச்சனீர்? இண்டைக்கும் மழிக்கிறீர் எண்டால் எங்கையோ விசேஷம். எங்கை போறீர்? ஆரோடை?"

கந்தையா துவாயால் முகத்தை மூடிக்கொண்டு, பாதித் தாடியோடு யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினார்.

அதற்குப் பிறகு கடைக்கு ஈ, எறும்புதான் வந்தன. ஆழ்வாப்பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வியாழக்கிழமை பார்வதிப்பிள்ளை அவர் அருகில் வந்து இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, நீங்களே ஒருக்காப் போய் அந்தக் கடையைப் பாருங்கோவன். நாளைக்கு நல்ல நாள்."

"வேவு பாக்கப் போறதுக்கு நாள் பாக்கோணுமோ?"

"எதுக்கும் பாத்துச் செய்யிறது நல்லதுதானே. ஆறுதலா முழுக்கப் பாத்திட்டு வாங்கோ. கடைக்கு வைத்திலிங்கத்தை வரச்சொல்லியிருக்கிறன்."

வெள்ளிக்கிழமை காலையில் அவள் தம்பி வைத்திலிங்கம் புளியங்கூடலிலிருந்து வந்து சேர்ந்தான். பட்டுக்கரை வேட்டி, தோளில் சால்வை, நெற்றியில் சந்தனம்.

"மண்ணெண்ணெய் அளக்கவோ இந்தச் சால்வை?"

"பெரிய கடையோடை போட்டியெண்டால், அத்தான், உடுப்பும் வேணும்."

அதுவும் நியாயம்தான் என்று ஆழ்வாப்பிள்ளை மெச்சிக்கொண்டார். இராசேஸ்வரி தலை முழுகி, ஈரக்கூந்தலோடு வேலிப் படலை வரைக்கும் வந்து வழியனுப்பினாள். இப்படி அவள் வந்ததே இல்லை. அப்பாவின் கவலை பிள்ளைக்கும் தெரிகிறது என்று அவருக்குக் கண் கலங்கியது.

கண்டக்டர் தம்பிஐயா அவருக்கென்று யன்னலோரம் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தான். பஸ் பண்ணை வீதியில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல் விரிந்தது. அலையில்லாத வெளிறிய நீர். இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வலையோடு அசையாமல் நின்றார். வானமும் தண்ணீரும் ஒரே நிறத்தில் கலந்து, பஸ் எதன்மேல் ஓடுகிறது என்றே தெரியவில்லை. ஆழ்வாப்பிள்ளை தான் வேவு பார்க்கப் போவதையே மறந்துபோனார்.

பூரணம் ஸ்டோர்ஸின் உள்ளே குளிர்ந்திருந்தது. மேலே மின்விசிறிகள் மெல்லச் சுழன்றன. சவர்க்காரமும் ஏலக்காயும் புதுத்துணியும் கலந்த ஒரு வாசம். கையில் கூடையைத் தந்தவன் ஒரு சொல் பேசவில்லை. அவர் தட்டுகளுக்கு நடுவே மெதுவாக நடந்தார். ரவைப் பைக்கற்றை எடுத்தார், வைத்தார். தன் கடையிலிருக்கும் அதே சவர்க்காரத்தை எடுத்து முகர்ந்தார். இங்கே அது வேறு மாதிரி மணந்தது. எவரும் அவரைப் பார்க்கவில்லை.

ஒரு தட்டில் குழந்தைகளின் பால்போத்தல்கள் இருந்தன. இதை எடுத்தால் கட்டாயம் கேட்பார்கள் என்று ஒன்றைக் கூடைக்குள் போட்டார். காசு வாங்கும் பெண் அதைக் கடதாசியில் சுற்றினாள்.

"எங்கடை வீட்டிலை குழந்தை ஒண்டும் இல்லை," என்றார் அவர், தானாகவே.

அவள் சிரித்தாள்.

"அப்ப ஏன் வாங்கிறியள் எண்டு கேக்கமாட்டீரோ பிள்ளை?"

"நான் ஏன் ஐயா கேக்கோணும்?"

ஆழ்வாப்பிள்ளை திரும்பினார். அப்போதுதான் கண்டார். மருந்துச் சாமான் தட்டருகே ஓமத்தோடு சிவக்கொழுந்து. இரண்டு தட்டுத் தள்ளிப் பிளேட் பைக்கற்றோடு கந்தையா. துணிப் பக்கத்தில் சரவணையின் இன்னும் பல முகங்கள். ஊரில் ஒருவரை ஒருவர் விடாமல் பிடித்துக் கதைக்கிறவர்கள், இங்கே ஒருவரை ஒருவர் காணாதவர்களாய், கனவில் நடப்பவர்கள்போல் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"கந்தையா, என்ன..." என்று தொடங்கியவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். வெட்கம் அவரைப் பிடித்தது. இந்தச் சனம் கடல் தாண்டி வருவது சீனிக்கல்ல. ஏன் சீனி என்று கேட்க ஒருவரும் இல்லாத இடத்துக்குத்தான் வருகிறது. எத்தனை வருஷமாகத் தன் வாசலில் எத்தனை பேரை மறித்திருக்கிறார்!

"அண்ணை, மேல் மாடி பாத்தனீங்களோ?"

பக்கத்தில் நாகமுத்து நின்றாள். என்றைக்கும் தன்னைக் கண்டால் ஓடுகிறவள் இன்று தானாக வந்து பேசினாள்.

"இல்லை."

"போய்ப் பாருங்கோ. நல்ல காத்து. கதிரையும் போட்டிருக்கு."

மேல் மாடியில் கதிரை விசிறிக்கு நேர் கீழே இருந்தது. சும்மாதான் இருந்து பார்த்தார். மேளம் கேட்டது, பந்தல் தெரிந்தது, இராசேஸ்வரி மணவறையில் தலைகுனிந்திருந்தாள். இம்முறை மண்ணெண்ணெய் கேட்டு ஒருவரும் எழுப்பவில்லை. மாப்பிள்ளை மெல்லத் திரும்பினான்.

"அண்ணை, எழும்புங்கோ. பஸ் வெளிக்கிடப் போகுது."

தம்பிஐயா தோளில் தட்டிக்கொண்டிருந்தான். யன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது.

"நான் இஞ்சை நிக்கிறது உமக்கு எப்பிடித் தெரியும்?"

"இந்தக் கடையிலை ஒருதரும் ஒண்டும் கேக்கிறேல்லை அண்ணை," என்று சொல்லிவிட்டு அவன் முன்னே நடந்தான்.

திரும்பும்போது கடல் செம்மஞ்சளாகக் கிடந்தது. மடியில் பைகளோடு சரவணைச் சனம் சத்தமில்லாமல் இருந்தது. ஆழ்வாப்பிள்ளை பால்போத்தலைத் தன் தோள் சால்வைக்குள் மறைத்துக்கொண்டார். நாளையிலிருந்து ஒருவரையும் ஒன்றும் கேட்பதில்லை என்று மனத்துக்குள் சத்தியம் செய்தார். பாரமொன்று இறங்கியதுபோல் இருந்தது.

பஸ் அவர் கடை முன்னால் நின்றது. இறங்கும்போது சால்வை நழுவி, கடதாசி பிரிந்து, பால்போத்தல் கையில் தெரிந்தது. கடை பூட்டிக் கிடந்தது. வீட்டுப் பக்கமிருந்து நெய் மணந்தது. படலையில் பார்வதிப்பிள்ளை பட்டுச் சேலையோடு நின்றாள், அவளுக்குப் பின்னால் பூ வைத்த தலையோடு இராசேஸ்வரி. ஆழ்வாப்பிள்ளைக்கு நுனிநாக்கு வரைக்கும் நாலைந்து கேள்விகள் வந்தன. செய்த சத்தியம் நினைவுக்கு வர, எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டார்.

மிதிபலகையில் தொங்கியபடி தம்பிஐயா கத்தினான்:

"பார்வதியக்கா, சொன்னமாதிரி அண்ணையைப் பொழுதுபடுமட்டும் ரவுணிலை வைச்சிருந்து கொண்டந்திட்டன்! நாகமுத்தக்கா ஒளிச்சு வாங்கித் தந்த சீனியிலை பலகாரம் சுட்டு வைச்சனீங்களே, மாப்பிள்ளை வீட்டார் ஓமெண்டிட்டினமோ? அண்ணை இஞ்சை பால்போத்தலோடையே வந்திட்டார்!"