கருவாட்டுக் களத்துக்கு எந்தக் கலப்பு நாய் நல்லது?

அன்றைக்கு எனக்குக் கொடுத்த வேலை சின்னது. மூன்று நாய்களைக் கருவாட்டுக் களத்தில் விட்டுப் பார்த்து, எது நன்றாகக் காவல் காக்கிறது என்று பொன்னம்மா அத்தையிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நாய் ஓடும். நான் பார்ப்பேன். இதில் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது?

இருந்தது.

நான் ஏன் களத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெயர் அஞ்சலை. எங்கள் தோணிரேவில் பெண்கள் இடுப்பில் பறிக்கூடை கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்போம். பொன்னம்மா அத்தை, அதாவது என் நைனாவின் அக்கா, எங்கள் கூட்டத்துக்குத் தலைவி. நானும் ஒழுங்காகத்தான் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு நாள், குனிந்திருந்த பதினோரு முதுகுகளைப் பார்த்ததும் கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. வலைக்காரர் காசி மாமா குரலை எடுத்து விட்டேன்.

"அடியேய்! காலாண்ட திருக்கை கீது பாருங்கடி!"

திருக்கையின் வால்முள்ளுக்குப் பயந்து பதினோரு பேரும் கரைக்குப் பறந்தார்கள். ஐந்து பறி கவிழ்ந்தது. இறால்களெல்லாம் சந்தோஷமாக ஏரிக்குத் திரும்பின.

எனக்கு யார் குரலும் வரும். ஒரு தடவை கேட்டால் போதும், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். என்ன செய்வது, பிறவி அப்படி.

அத்தை இரைந்தெல்லாம் பேசவில்லை. "இனிமே நீ தண்ணில கால் வெக்காத. களத்துல குந்திக்கினு நரி ஓட்டு. நல்ல காவல் நாய் ஒண்ணு அமையட்டும், அன்னிக்கு உன்ன இட்டுனு போறேன்" என்றாள்.

கருவாட்டுக் களத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள், தெரியும். மூன்றாம் நாள் ஊர்ப் பூனைகள் என் பின்னாலேயே வர ஆரம்பித்தன. என் தோழி வள்ளி பேசும்போது காற்றடிக்கும் பக்கமாகப் போய் நின்றுகொண்டாள். ஆகவே எனக்கு அவசரமாக ஒரு நாய் தேவைப்பட்டது.

சாதாரண நாய் நரிக்குப் பின்னால் ஓடி, மூச்சு வாங்கி, உட்கார்ந்துவிடும். வேகமான நாய் என்றால் இந்தப் பக்கத்தில் ஒன்றுதான்: கோட்டையில் இருக்கும் உலாந்தா தேசத்துத் துரையின் வேட்டை நாய். கப்பலில் வந்தது. துரை கூப்பிடும் பெயர் நம் வாயில் நுழையாது. நாங்கள் நெட்டையன் என்போம். கால் நாலும் கழி மாதிரி, வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும். ஓடினால் மணல் மட்டும்தான் தெரியும். ஆனால் புத்தி கிடையாது. ஒரு முறை முயலைத் துரத்திக்கொண்டு போனது, ஆரம்பாக்கத்தில் நின்றது. திரும்பும் வழி தெரியாமல் அங்கேயே அழுதுகொண்டிருந்ததை யாரோ கயிறு கட்டிக் கூட்டி வந்தார்கள்.

ஆக, ஓட்டம் நெட்டையனிடமிருந்து வர வேண்டும், புத்தி தாயிடமிருந்து வர வேண்டும். எந்தத் தாய் என்பதில்தான் சண்டை.

நெட்டையனுக்குப் பிறந்து வளர்ந்த நாய்கள் மூன்று இருந்தன. மூன்றுக்கும் தாய் வேறு, எசமான் வேறு.

முதல் எசமான் காசி மாமா. பெரிய வலைக்காரர், பெரிய வாய்க்காரர். அவருடைய மொட்டையனுக்குத் தாய் கடற்கரை நாட்டு நாய். "நம்ம மணல்ல பொறந்த ரத்தம்டா! மீனப் பாத்துப் பாத்து சலிச்சது. கருவாட்ட மோந்துகூட பாக்காது!" என்பார், பக்கத்தில் நிற்பவர் காதில் வந்து.

இரண்டாவது ஆட்டுக்கார எல்லப்பா. பேச்சில் பாதி தெலுங்கு. அவருடைய சின்னோடுக்குத் தாய் மந்தை காக்கும் நாய். "சொல்றத கேக்கணும், அதான் முக்கியம். மந்த நாய்க்கு இருக்கிற புத்தி வேற எதுக்கும் வராது, நைனா" என்பார்.

மூன்றாவது மீரான் பாய். கோட்டையில் துணிக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர். அவருடைய சுல்தானுக்குத் தாய், கப்பலில் எலி பிடிக்க வந்த குட்டை நாய். "புடிச்சா விடாதுங்க. அந்தப் பிடிவாதம் ரொம்ப ஒசத்தி" என்பார் மெதுவாக. மனிதர் நாயைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார்.

"மூணையும் ஒரே நாள்ல விட்டுப் பாத்துடலாம். செயிக்கிறத களத்துக்கு வெச்சுக்கலாம்" என்றாள் அத்தை. நாளும் குறித்தாகிவிட்டது.

அப்புறம்தான் தெரிந்தது, அன்றைக்குக் காசி மாமாவுக்குப் பாடு. ஏரியில் மீன் சேரும் நல்ல இடம் கொஞ்சம்தான். அதில் யார் என்றைக்கு வலை போடுவது என்று ஊரில் முறை வைத்திருக்கிறோம், அதுதான் பாடு. ஒரு நாளை விட்டால் எல்லாரையும் சுற்றிவிட்டுத்தான் மறுபடி நம்மிடம் வரும். சொந்தக் கல்யாணத்தைத் தள்ளிப் போடுவார்கள், பாட்டைத் தள்ள மாட்டார்கள். எல்லப்பாவின் ஆடுகள் குட்டி போடும் நேரம். மீரான் பாய்க்குக் கப்பல் ஏற்றும் நாள்.

"எசமான் கொரலு இல்லாம நாயி எப்டி கேக்கும்?" என்றார் காசி மாமா.

எல்லாரும் யோசித்தார்கள். பிறகு எல்லாரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

நான் முகத்தை ரொம்ப அடக்கமாக வைத்துக்கொண்டு சொன்னேன், "எனக்கு இன்னா தெரியும், மாமா?" அதை மாமாவின் குரலிலேயே சொன்னேன். மொட்டையன் எழுந்து வாலை ஆட்டியது.

முடிவாகிவிட்டது.

பொழுது சாயும் நேரம். களத்தில் நெத்திலியும் கவலை மீனும் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் அத்தையின் வாளைக் கருவாடு. நெல்லுக்கு மாற்ற மறுநாள் வண்டியேற வேண்டியது. பெண்கள் கரையோரத் தண்ணீரில் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டிக் கூப்பிடு தூரத்தில் காசி மாமாவின் படகு, வலையைச் சுற்றி வளைத்து இழுக்கும் நேரம். நான் மூன்று கயிற்றையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தாழம்புதரிலிருந்து நரி வந்தது.

மொட்டையனை அவிழ்த்தேன். காசி மாமா குரல்: "டேய் மொட்டையா! கட்டையில போறவனே! ஓடுறா!"

என்ன ஓட்டம்! அப்பன் ஓட்டம் அப்படியே! களத்தின் பாதியைத் தாண்டியது. அங்கே நின்றது. குனிந்தது. தின்ன ஆரம்பித்தது.

மீனைப் பார்த்துப் பார்த்துக் கண்தான் சலித்திருக்கிறது போல. வாய்க்கு ஒன்றும் சலிப்பில்லை.

துரத்துவார்கள் என்று எதிர்பார்த்து நின்ற நரி கொஞ்ச நேரம் மொட்டையனைப் பார்த்தது. பிறகு அதுவும் மறுமுனையில் உட்கார்ந்து தின்றது. கல்யாணப் பந்தி மாதிரி இருந்தது.

சரி, சின்னோடு இருக்கிறது. எல்லப்பா குரலை எடுத்தேன். "ரா ரா, சின்னோடா! போ ரா! பட்டுக்கோ ரா!"

சின்னோடு நரியைப் பார்க்கவே இல்லை. நேராகத் தண்ணீருக்குப் போனது. அங்கே பதினோரு பெண்கள் இங்கொருத்தி அங்கொருத்தியாகச் சிதறி நிற்கிறார்கள். மந்தை நாய்க்கு இது பொறுக்குமா? ஒரு சுற்று சுற்றியது. முந்தானையைக் கவ்வி இழுத்தது. கணுக்காலில் மூக்கால் முட்டியது. கொஞ்ச நேரத்தில் பதினோரு பேரையும் மணலில் கொண்டுவந்து நெருக்கி நிறுத்திவிட்டது. நடுவில் பொன்னம்மா அத்தை, பறியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு.

"அடியேய் அஞ்சல! இத்த இஸ்துக்கினு போடி!"

அத்தை ஒரு காலை வெளியே வைத்தாள். சின்னோடு பல்லைக் காட்டியது. அத்தை காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். என் வாழ்நாளில் அத்தை யாருக்காவது அடங்கிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பை அடக்கியதில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

இன்னும் சுல்தான் பாக்கி. குரலை மெதுவாக்கினேன். "சுல்தான், சிரமம் பாக்காம அந்த நரிய கொஞ்சம் புடிச்சுட்டு வாங்க."

சுல்தான் மரியாதையாகக் கிளம்பினார். பத்தடி போனார். ஈரச் சேற்றில் ஒரு நண்டு வளையைப் பார்த்தார். தலையை உள்ளே விட்டுத் தோண்ட ஆரம்பித்தார். சேறு என் முகம் வரைக்கும் வந்தது. கடைசியில் வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. பிடிவாதம் ஒசத்திதான். அதில் பொய்யே இல்லை.

புதரிலிருந்து இன்னும் இரண்டு நரிகள் வந்தன. சேதி போயிருக்க வேண்டும்.

அவற்றில் ஒன்று அத்தையின் வாளைக் கருவாட்டைக் கவ்வியது. நாய் தோற்றால் என்ன அர்த்தம்? இந்தக் களம், இந்த நாற்றம், இந்தப் பூனைகள், ஆயுசுக்கும்!

மூன்று குரலையும் மாற்றி மாற்றி விட்டேன். "ரா ரா சின்னோடா, அவங்கள வுட்டு வா ரா! சுல்தான், வெளிய வாங்க! டேய் மொட்டையா, கீழ போட்றா! வுடுடா! வுட்டுட்டு கரைக்கி ஓடியாடா!"

கடைசிக் குரலைக் கொஞ்சம் உரக்கவே விட்டுவிட்டேன். காற்றும் ஏரிப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது.

படகில் நடந்ததைப் பிற்பாடு அவர்களே சொன்னார்கள். காசி மாமாவின் ஆட்கள் ஆறு பேரும் அவர் குரலுக்குத் திரும்பிப் பார்த்துப் பழக்கமில்லாதவர்கள். சொன்னதைச் செய்துதான் பழக்கம். 'வுடுடா' என்று கேட்டதும் வலைக் கயிற்றை விட்டுவிட்டார்கள். 'கரைக்கி ஓடியாடா' என்று கேட்டதும் கழியை ஊன்றிவிட்டார்கள்.

"டேய்! யார்றா கயித்த வுட்டது? புடிங்கடா!" என்று மாமா படகுக்குள்ளிருந்து கத்தியிருக்கிறார்.

முன்னால் நின்றவன் மாமாவைப் பார்த்தான், கரையைப் பார்த்தான், மறுபடி மாமாவைப் பார்த்தான். "மாமா, கரையிலயும் நீதான் கத்துற, இங்கியும் நீதான் குந்திக்கினு கீற. உனுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"நான் இங்க கீறேன்டா, பாவி!"

"அத்த எப்டி நம்பறது, மாமா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொருவன் மாமாவின் காலைத் தொட்டுப் பார்த்திருக்கிறான், கால் இருக்கிறதா என்று.

இது எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், வாளைக் கருவாடு புதரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. மனிதக் குரல் ஒன்றும் உதவவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றின் அடியிலிருந்து, நெட்டையனின் குரைப்பை எடுத்தேன். கோட்டைச் சுவரில் மோதித் திரும்பி வருமே, அந்தக் குரைப்பு.

ஒரே சத்தம்தான்.

மூன்று நரியும் போட்டது போட்டபடி ஓடின. மொட்டையன் வாயிலிருந்ததைக் கீழே வைத்தது. சின்னோடு மந்தையை விட்டுவிட்டு வந்தது. சுல்தான் பின்பக்கமாக வெளியே வந்தார். மூன்றும் என் முன்னால் வரிசையாக உட்கார்ந்து, அப்பா என்ன சொல்லப் போகிறார் என்பது போல என்னையே பார்த்தன.

அத்தை நடந்து வந்தாள். வாளைக் கருவாட்டை எடுத்து மணலைத் தட்டினாள். ஒரு பல் பதிந்திருந்தது, அவ்வளவுதான். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். பாருங்கள், எவ்வளவு அப்பாவி நான்!

அதற்குள் காசி மாமா இடுப்பளவு தண்ணீரில் குதித்து வந்து சேர்ந்தார். "என் பாடு போச்சுடி! சுத்தி வளச்ச மீனு அத்தினியும் போச்சுடி!" களத்தை நாலு முறை சுற்றித் துரத்தினார். நெட்டையன் ரத்தம் எனக்கு இல்லாவிட்டாலும் அன்றைக்கு நன்றாகவே ஓடினேன். வலை கிடைத்துவிட்டது. வலைக்குள் இருந்தவைதான் கிடைக்கவில்லை. அடுத்த பாடு வரும் வரைக்கும் நான் மாமா வீட்டுத் தெருவில் நடப்பதாக இல்லை.

இருட்டுவதற்குள் எல்லப்பாவும் மீரான் பாயும் முடிவு கேட்க வந்துவிட்டார்கள். மாமா, மூச்சு வாங்கிக்கொண்டே, அவரும் வந்து நின்றார். மீன் போனாலும் நாய் ஜெயிக்கக்கூடாதா என்ற ஆசை.

"எது நல்ல கலப்பு, பொன்னம்மா?" என்றார்.

"உன்னுது திருடன். எல்லப்பாவோடது நல்ல நாயிதான், ஆனா எங்கள ஆடுன்னு நெனச்சிக்கினு கீது. பாயோடது குழி தோண்டுது."

"அப்ப எதுவும் தேறலியா?" என்றார் எல்லப்பா.

"நாலாவது ஒரு கலப்பு கீது." அத்தை என்னைப் பார்த்தாள். "நைனா தோணிரேவு வலைக்காரன். அம்மா திருப்பாலைவனத்துல நாத்து நட்ட வூட்டுப் பொண்ணு. கருவாட்டக் கண்டாலே மூக்கப் பொத்திக்கிறா, தின்ன மாட்டா. சத்தம் போட்டா நரி ஓடுது. மூணு நாயும் அடங்குது. இதவிட நல்ல கலப்பு எங்கய்யா கெடைக்கும்?"

பல மாதம் சண்டை போட்ட மூன்று பேரும் அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒத்துப்போனார்கள். மீரான் பாய் தலையை ஆட்டிக்கொண்டே, "ரொம்பப் பொருத்தமுங்க" என்று வேறு சொன்னார்.

"அத்த, நான் தண்ணிக்கு வரணும்! நீதான சொன்ன?" என்று கிட்டத்தட்ட அழுதேன்.

"நல்ல காவல் நாய் அமைஞ்சான்னுதான் சொன்னேன். காவலுக்கு நீதான அமைஞ்ச, தண்ணிக்குத்தான் இனிமே வேற ஆள் வேணும்" என்றபடி அத்தை சுல்தான் தோண்டிய குழிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே கையை விட்டாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பறியில் போட்டாள். மொத்தம் எட்டு நண்டு, ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம்.

இப்போது என் பறி, பெண்களோடு ஏரிக்குப் போகும் சுல்தானின் கழுத்தில் தொங்குகிறது.