மூலை சார் கேமரா பார்த்த நாலு ஞாயிறு

ஒரே ஒரு ஊர் இருந்தது. அந்த ஊரில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு. அந்த வீட்டில் ராஜா மாதிரி ஒருத்தர் இருந்தார். மாதிரிதான். ராணி மட்டும் அசல்.

ராஜா மாதிரி இருந்தவருக்கு லேபிள் அச்சகத்தில் வேலை. ஜாம் பாட்டில், ஷாம்பு டப்பா, இருமல் மருந்து, எதன் மேல் ஒட்டுகிற லேபிளும் அவர் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். தாளை எடுப்பார். நடுவைப் பார்க்கவே மாட்டார். நடுவில் எவனும் தப்புப் பண்ணமாட்டான், தப்பு எப்போதும் மூலையில்தான் ஒளிந்திருக்கும் என்பது அவருடைய இருபத்திரண்டு வருடச் சித்தாந்தம். நாலு மூலையிலும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பார். அதனால் அச்சகத்தில் அவருக்கு மூலை சார் என்று பெயர். நாக்கைக் கொஞ்சம் மடித்துவிட்டால் அறிவாளி என்று அர்த்தம் வந்துவிடும் என்பதால், எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் கூப்பிட்டார்கள்.

அவர் மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில், மருந்து கொடுக்கிற பிரிவில் வேலை. அந்த மாதம்தான் பிரிவுக்கே தலைமையாக்கினார்கள். ஆஸ்பத்திரி வாசல் சுவரில் எல்லாப் பிரிவுத் தலைவர்களின் படமும் வரிசையாக மாட்டியிருக்கும். 'மாசம் முடியறதுக்குள்ள நல்ல படமா ஒண்ணு கொடுங்க, இல்லாட்டி அடையாள அட்டையில இருக்கறதைப் பெரிசு பண்ணிடுவோம்' என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

அடையாள அட்டைப் படம் பத்தொன்பது வருடத்துக்கு முந்தியது. அதில் அந்த அம்மாள், திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி இருப்பார். அதுவும் பெரிய திருட்டு இல்லை. சோப்புத் திருட்டு.

"அந்த மூஞ்சிய சுவத்துல ஏத்தினா, நான் வேலைக்கே போகமாட்டேன்" என்றார் வீட்டுக்கு வந்ததும். "நாளைக்கு ஸ்டுடியோவுக்குப் போயி ஒண்ணு எடுத்துட்டு வந்திடறேங்க."

மூலை சார் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பத்து வருட ஆசை ஒன்று அவருக்குள் எழுந்து உட்கார்ந்தது.

"ஸ்டுடியோவா? கன்னத்துல மாவு பூசின மாதிரி எடுத்துக் கொடுப்பான். நானே எடுக்கறேன். சட்டைப் பையில அடங்கணும், ஆனா படம் தரமா வரணும். அப்படி ஒரு கேமரா பார்த்து வாங்கறேன்."

"தாராளமா வாங்குங்க. ஆனா ஒண்ணு. கடைசி சனிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஆபீஸ் மூடிடுவாங்க. அதுக்குள்ள என் படம் அங்க இருக்கணும். படத்துக்காகத்தான் கேமரா. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"திருப்பிச் சொல்லுங்க."

மருந்து கொடுக்கிறவர்கள் அப்படித்தான். திருப்பிச் சொல்ல வைக்காமல் மாத்திரையைக் கையில் தரமாட்டார்கள். மூலை சார் திருப்பிச் சொன்னார்.

அவர் கடைக்காரர் பேச்சை நம்புகிற ஆள் இல்லை. விளம்பரத்தில் வருகிற படங்களையும் நம்பமாட்டார். நகத்தளவு மெமரி கார்டு ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவார். பார்வைக்கு வைத்திருக்கிற கேமராவில் அந்தக் கார்டைப் போடுவார். மனைவியை ஜன்னலோரம் நிறுத்தி ஒரு படம் எடுப்பார். கார்டை உருவி அடுத்த கேமராவில் போடுவார். வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படத்தையும் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி, நாலு மூலையையும் அலசி, நோட்டில் தீர்ப்பு எழுதுவார்.

"மூணாவது வாரமா இதே நீல டிரஸ்ஸு. பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"ஒப்பிட்டுப் பார்க்கணும்னா எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்மா."

"கொஞ்சம் சிரிக்கட்டுமா?"

"வேண்டாம், அசையாத. தலைக்குப் பின்னால ஜன்னல் கம்பி தெரியணும். மட்டமான லென்ஸ்னா கம்பி ஓரத்துல ஊதாக் கோடு விழும்."

"நான் தெரியணுமா, வேண்டாமா?"

"நீ நடுவுலதானே நிக்கற? நடு எப்பவும் நல்லாத்தான் வரும்."

மூன்றாவது ஞாயிறு போன கடையை நடத்தியது ஒரு அம்மாள். பொறுமைசாலி. பதினொரு கேமராவை எடுத்துக் கண்ணாடி மேஜையில் பரப்பிவிட்டு, கடைசியாகக் கேட்டார்: "சார், இதுல இருபது மெகாபிக்சல் இருக்கு. இது போதாதா?"

மூலை சார் கையிலிருந்த கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டு, கீழ்த்தட்டில் இருந்த ஒன்றின் சென்சார் அளவைப் படிக்கக் குனிந்தார். குனிந்தபடியே பாடம் எடுத்தார்.

"மெகாபிக்சல்ங்கறது ஆள் கணக்கும்மா. சென்சார்தான் வீடு. வெளிச்சம் வந்து விழற இடம். வீடு சின்னதா இருந்து, உள்ள இருபது பேரை அடைச்சா என்ன ஆகும்?"

"உங்க அக்கா குடும்பம் வந்து தங்கின மாதிரி ஆகும்" என்றார் மனைவி.

கடைக்கார அம்மாள் கொல்லென்று சிரித்தார். மனைவியும் சிரித்தார், வாய்விட்டு. மூலை சார் நிமிரவில்லை. கீழ்த்தட்டில் எழுத்து ரொம்பச் சின்னதாக இருந்தது.

நாலாவது ஞாயிறும் போனது. வெள்ளிக்கிழமை இரவுதான் தீர்ப்பு முடிந்தது. மூன்றாவது கடையில் பார்த்தது. ஒரு அங்குல சென்சார். இருட்டிலும் கண்ணை அகலத் திறக்கிற லென்ஸ். நாலு மூலையும் கத்தி மாதிரிக் கூர்மை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கடையில் நின்றார். வாங்கிய கையோடு வாசலிலேயே ஒரு படம், பிரின்ட், ஓட்டம், பன்னிரண்டுக்குள் ஆஸ்பத்திரி. கணக்கு அவ்வளவுதான்.

மனைவி வெள்ளைக் கோட்டில் வந்திருந்தார்.

"நீல டிரஸ் எங்க?"

"டூட்டிக்குப் போகணுங்க."

"சரி பரவாயில்ல, வாசல்ல நில்லு. டப்பாவைப் பிரிச்சதும் எடுத்துடறேன். நேரமில்ல."

"நேரம் இருக்கு. படம் வியாழக்கிழமையே கொடுத்தாச்சு. மாட்டியும் ஆச்சு."

மூலை சார் டப்பாவைக் கீழே வைத்தார். "எந்தப் படம்?"

"உங்க கார்டுல இருந்ததுதான். மொத்தம் இருபத்தேழு. இருபத்தாறுல நான் ஜன்னலுக்குக் காவல் நிக்கறேன். ஒண்ணுலதான் மனுஷியா இருந்தேன்."

கைப்பையிலிருந்து பிரதி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கண் சுருங்க, பல் தெரிய, ஒரு சிரிப்பு. மூலை சார் இத்தனை வருடத்தில் பலமுறை காதால் கேட்ட சிரிப்பு அது. கண்ணால் பார்த்ததாகத்தான் ஞாபகம் வரவில்லை.

ஒரு நிமிடம் நடுவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பழக்கம் கையைப் பிடித்து இழுத்தது. பூதக்கண்ணாடி வெளியே வந்தது.

"இது நான் தள்ளின படமாச்சே! வலது கீழ் மூலை பூரா சாம்பலா மங்கிக் கிடக்கு, பாரு. நோட்டுலயே எழுதியிருக்கேன். எந்தக் கம்பெனிக்காரன் இவ்வளவு மோசமா லென்ஸ் பண்றான்?"

"அது லென்ஸ் இல்லீங்க. உங்க முதுகு."

கடைக்கார அம்மாள் மெல்லச் சொன்னார்: "நீங்க குனிஞ்சிருந்தீங்க சார். அக்கா அவ்வளவு அழகா சிரிச்சாங்க. மேஜைமேல உங்க கார்டு போட்ட கேமரா கிடந்துது. மனசு கேக்கல, ஒண்ணு அமுக்கிட்டேன்."

"எந்தக் கேமரா?"

அவர் கை காட்டிய திசையில் கடையிலேயே எளிய கேமரா இருந்தது. மூலை சார் அதை நோட்டில் 'பொம்மை' என்று எழுதியிருந்தார்.

"அது போகட்டும்" என்றார், டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு. "இந்தக் கேமராவை..."

"எதுக்குங்க?" என்றார் மனைவி.

"படம் எடுக்க."

"படத்துக்காகத்தானே கேமரா? படம்தான் வந்தாச்சே. நீங்க திருப்பிக்கூடச் சொன்னீங்க." கடைக்கார அம்மாளிடம் திரும்பினார். "தப்பா நினைக்காதீங்கம்மா, டப்பாவை உள்ள வெச்சிடுங்க." மணியைப் பார்த்தார். "எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. நீங்க நேரத்தோட சாப்பிட்டுடுங்க."

போய்விட்டார்.

டப்பா அலமாரிக்குள் போனது. கண்ணாடிக் கதவு சாத்தப்பட்டது. மூலை சார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கணும்" என்றார் கடைக்கார அம்மாள். "அக்காகிட்ட கேட்டேன், சரின்னுட்டாங்க. அந்தப் படத்தைப் பெரிசா போட்டுக் கடை வாசல்ல வைக்கலாம்னு இருக்கேன். ஆனா அந்த ஓரம்தான் கொஞ்சம் உறுத்துது. நீங்க அச்சு வேலை தெரிஞ்சவங்க. எதுவரைக்கும் வெட்டலாம்?"

மூலை சார் படத்தை மேஜைமேல் வைத்தார். பென்சிலும் அளவுகோலும் கேட்டு வாங்கினார். தன் முதுகோரமாக ஒரு கோடு போட்டார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். திருப்தி வரவில்லை. அழித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டார்.

"இந்தக் கோட்டுலேர்ந்து மூணு மில்லிமீட்டர் உள்ள தள்ளி வெட்டச் சொல்லுங்கம்மா. நான் இருந்ததே தெரியாது" என்று சொல்லிவிட்டு, படியிறங்கி நடந்தார்.